பெயரை அடிப்பதற்கு முன்

மூன்று நாளாக ஆள் வேலைக்கு வரவில்லை, பெயரை அடித்துவிடலாமா? கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டான், சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாமா? மருத்துவர் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டுகிறான், நம்புவதா, விடுவதா? பிள்ளைப்பேறு நெருங்கும் பெண்ணை நிறுத்திவிட்டு வேறோர் ஆளை அமர்த்திக்கொண்டால் குற்றமா? மலேசியாவில் ஆள் வைத்துத் தொழில் நடத்துவோரிடையே நாள்தோறும் எழும் கேள்விகள் இவை. பெரிய கம்பெனிகளில் இவற்றுக்கு விடை கூற மனித வளப் பிரிவு என்றே ஒரு பிரிவு இயங்குகின்றது. (ஆளை வளம் என்று அழைத்தல் தகுமா என்பது தனி ஆராய்ச்சி, அது ஈண்டு வேண்டா.) ஆனால் உணவுக்கடை, மளிகைக்கடை, நகைக்கடை, அச்சுக்கூடம் ஆகியவற்றை நடத்துவோருக்கும், இரண்டு மூன்று லாரிகளை வைத்துப் பிழைப்போருக்கும், துப்புரவு வேலையைக் குத்தகைக்கு எடுத்தோருக்கும் அத்தகைய பிரிவு ஏது? அங்கே முதலாளியே மேனேஜர், அவரே கணக்கர், கோபம் வந்த நேரத்தில் நீதிபதியும் அவரே.

இக்கேள்விகளுக்கும் தமிழாசிரியருக்கும் என்ன தொடர்பு என வினவலாம். தொடர்பு உண்டு. தோட்டங்களிலும் சிறு பட்டணங்களிலும் ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதிய கடிதம் ஒன்று தொழிலாளியின் கைக்கு வந்தால், அவர் அதை எடுத்துக்கொண்டு போகும் முதல் வாசல் பலவேளைகளில் பள்ளி ஆசிரியர் வீட்டு வாசலாகவே இருக்கின்றது. "ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், நல்லபடியாக ஒரு பதில் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பவருக்கு, ஆசிரியரும் இரக்கத்தோடு எழுதிக் கொடுக்கின்றார். எழுதிக் கொடுக்கும் நான்கு வரியில் ஒரு சொல் பிறழ்ந்தால் ஒரு குடும்பத்தின் உலை அடங்கிப்போகக் கூடும். அதே கடிதத்தை எழுதி அனுப்பிய முதலாளியும் தாம் இன்னது கேட்கிறோம் என்று தெரியாமலே எழுதியிருத்தல் கூடும். ஆகவே இருசாராரும் இச்சட்டத்தின் போக்கை ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம்.

இத்துறைக்கு அடிப்படையாய் விளங்குவது 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம். மெர்டேக்காவுக்கு மூன்று மாதம் முன்பு, 1957 ஜூன் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் அது உரியது. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித்தனிச் சட்டங்கள் உள்ளன. பலமுறை திருத்தப்பட்ட அச்சட்டத்தில் 2022-இல் இயற்றப்பட்ட பெருந்திருத்தம் 2023 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பு, உடலுழைப்பு வேலை முதலிய சில வகையினர் நீங்கலாக, மாதம் 2,000 வெள்ளிக்கு உட்பட்ட சம்பளக்காரர்களையே அது தழுவி நின்றது. இப்பொழுது வேலை ஒப்பந்தத்தின்கீழ் உழைக்கும் எல்லாருக்கும் உரியதாகிவிட்டது. மிகைநேரச் சம்பளம், ஓய்வுநாள் வேலைக்கான சம்பளம், வேலைநிறுத்த இழப்புத்தொகை போன்ற சில பகுதிகள் மட்டுமே மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்பட்டவர்களுக்குப் பொருந்தா. "எங்கள் சூப்பர்வைசர் ஐயாயிரம் வாங்குகிறார், அவருக்கு எந்தச் சட்டமும் இல்லை" என்று எண்ணும் முதலாளிகள் பழைய கணக்கிலேயே நிற்கின்றனர்.

வேலை நேரம், விடுமுறை பற்றிய கேள்விகள் எண்ணைச் சொன்னால் தீர்ந்துவிடும். வாரத்துக்கு 45 மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது. முன்பு அது 48 ஆக இருந்தது. ஒருவர் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தல் ஆகாது. இடையே அரைமணி ஓய்வு வேண்டும். மிகைநேரத்துக்கு மணிச் சம்பளத்தைப் போல் ஒன்றரை மடங்கு. ஆண்டு விடுமுறை, இரண்டு ஆண்டுக்குட்பட்ட சேவைக்கு 8 நாள். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 12 நாள். அதன்பின் 16 நாள். சம்பளம், மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் கைக்குச் சேரவேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்பது 2025 பிப்ரவரியில் ஐவரும் அதற்கு மேற்பட்டோரும் வேலை செய்யும் இடங்களுக்கும், அவ்வாண்டு ஆகஸ்டில் மற்றைய சிறு இடங்களுக்கும் நடப்பாயிற்று. இவற்றில் ஐயம் கொள்ள இடமில்லை.

எண்ணால் தீராத கேள்விகளே வழக்காக முடிகின்றன. முதற்கேள்வியையே எடுத்துக்கொள்வோம். மூன்று நாள் வராத ஆளின் பெயரை அடிக்கலாமா?

தோட்டங்களில் பழங்காலந்தொட்டு நிலவிவரும் ஓர் எண்ணம் உண்டு. மூன்றாம் நாள் காலைப் பெயர் கூப்பிடும்போது ஆள் நில்லாவிடில் வேலை போயிற்று என்பதே அது. பட்டணத்துக் கடைக்காரர்களும் அப்படியே நம்புகின்றனர். இந்நம்பிக்கைக்குச் சட்டத்தில் ஒரு வேர் இருக்கின்றது. ஆனால் வேரில் பாதியைத்தான் மக்கள் பிடித்திருக்கின்றனர். சட்டத்தின் 15-ஆம் பிரிவு, முன்கூட்டி விடுப்புப் பெறாமல் இரண்டு வேலைநாளுக்கு மேல் தொடர்ந்து வராதிருப்பவர் தம் ஒப்பந்தத்தை முறித்தவராகக் கருதப்படுவார் என்கின்றது. இம்மட்டோடு அப்பிரிவு நின்றுவிடவில்லை. வராமைக்குத் தக்க காரணம் இருந்து, அதை முன்கூட்டியோ இயன்ற முதல் வாய்ப்பிலோ முதலாளிக்குத் தெரிவித்திருந்தால், அல்லது தெரிவிக்க முயன்றிருந்தால், அவர் ஒப்பந்தத்தை முறித்தவர் ஆகார் என்று தொடர்ந்து கூறுகின்றது. "தெரிவிக்க முயன்றிருந்தால்" என்னும் தொடரை உற்று நோக்குதல் வேண்டும். தொலைபேசியில் கூப்பிட்டு யாரும் எடுக்காதிருந்தாலும் முயற்சி முயற்சியே. பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி அனுப்பி, அவன் மறந்துபோயிருந்தாலும் அவர் முயன்றாரா இல்லையா என்பது கேட்டறிய வேண்டிய செய்தியாகும்.

கேட்டறியாமல் இதை எப்படித் தெரிந்துகொள்வது? முடியாது. ஆதலால் பெயரை அடிக்கும் கைக்கும் பெயருக்கும் நடுவே ஒரு கேள்வி வந்து நிற்கின்றது. வேலை கொடுப்போரின் ஐயங்களில் பெரும்பாலானவற்றுக்கு இச்சட்டம் கூறும் விடை இதுவேயாம்: செய்யலாமா என்று கேட்குமுன், சம்பந்தப்பட்டவரைக் கேட்டாயா என்பதே சட்டம் திருப்பிக் கேட்கும் கேள்வி.

ஒழுங்கீனம் பற்றிய 14-ஆம் பிரிவு இதனை வெளிப்படையாகவே சொல்லுகின்றது. ஒழுங்கீனம் புரிந்த ஒருவரை முன்னறிவிப்பின்றி நீக்கவும், பதவி இறக்கவும், வேறு சிறு தண்டனை வழங்கவும் முதலாளிக்கு உரிமை உண்டு. ஆனால் உரிய விசாரணைக்குப் பின்னரே அவ்வுரிமை பிறக்கின்றது. விசாரணை நடக்கும்பொழுது அவரை இரண்டு வாரத்துக்கு மேற்படாமல் வேலையிலிருந்து தள்ளி வைக்கலாம். அந்நாள்களுக்கு அரைச் சம்பளமாவது கொடுத்தாகவேண்டும். குற்றம் இல்லையென்று தெரிந்தால் பிடித்துவைத்த மீதியையும் உடனே கொடுத்துவிட வேண்டும். சம்பளமின்றி வீட்டில் இருக்கச் சொல்லி, "கூப்பிட்டனுப்புகிறேன், போ" என்று மாதக்கணக்கில் காக்க வைக்கும் வழக்கத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

தமிழ் பயிற்றுவோருக்கு இதனை விளக்கச் சிலப்பதிகாரத்தைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது. மதுரையில் கோவலன் கையில் ஒரு சிலம்பு இருந்தது. அரசியின் சிலம்பு காணாமற் போயிருந்தது. இவ்விரண்டு செய்தியையும் முடிச்சுப் போட்டவன் பொற்கொல்லன். அவனே உண்மைத் திருடன். குற்றம் சாட்டியவனும் அவனே. காவலரை அழைத்துப்போய் ஆளைக் காட்டியவனும் அவனே. காவலருள்ளேயே இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று ஐயுற்றவர் உண்டு. அவ்வையத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள அங்கே எவரும் இல்லை. பாண்டியனோ கோவலனை ஒருமுறையேனும் அழைத்து, "இச்சிலம்பு உனக்கு எவ்வாறு வந்தது?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிலம்பை உடைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். பின்னால் கண்ணகி வந்து உடைத்துக் காட்டிய சான்று முன்னாலும் அங்கேயேதான் இருந்தது.

உள்விசாரணை என்று தொழில்துறையில் வழங்குவது இவ்வளவுதான். குற்றம் சாட்டியவர் தீர்ப்புக் கூறும் இடத்தில் அமரலாகாது. சாட்டப்பட்டவர் பேசுவதற்கு முன் தீர்ப்பு எழுதப்படலாகாது. இவ்விரண்டையும் விட்டுவிட்டு, மேசை நாற்காலி போட்டு மூவர் அமர்ந்து கையெழுத்து வாங்கினால் அது விசாரணை ஆகாது; சடங்கு ஆகும். சிறு கடைக்காரர் இதைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. நான்கு பேர் வேலை செய்யும் கடையில் நீதிமன்றம் போன்று நடத்த வேண்டுமென்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. புகார் இன்னதென்று எழுத்தில் கொடுத்து, பதில் சொல்ல நாள் கொடுத்து, சம்பவத்தில் தொடர்பில்லாத ஒருவரை, உறவினரோ கூட்டாளியோ ஆகாத ஒருவராயின் இன்னும் நலம், உடன் வைத்துக்கொண்டு இருதரப்பையும் கேட்டு, கேட்டதை எழுதி வைத்தால் பெரும்பகுதி முடிந்தது. சாட்டப்பட்டவர் சாட்சியைக் கேள்வி கேட்கவும், தம் பக்கத்துச் சாட்சியைக் கொண்டுவரவும் இடம் தருதல் வேண்டும். அவருக்குத் தெரிந்த மொழியில் நடத்துதல் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். ஆயினும் மலாயில் நடந்த விசாரணையில் ஒன்றும் விளங்காமல் தலையசைத்துவிட்டு, அத்தலையசைப்பே ஒப்புதலாக எழுதப்பட்டுவிட, கையெழுத்திட்டு வருவோரும் உண்டு.

இங்கேதான் ஆசிரியரின் பங்கு தொடங்குகின்றது. விசாரணைக்கு முன்னர் முதலாளி அனுப்பும் கடிதத்துக்குக் காரணம் கேட்கும் கடிதம் என்று பெயர். அது ஒரு குற்றச்சாட்டைச் சொல்லி, "உம்மீது நடவடிக்கை ஏன் எடுக்கக்கூடாது என்பதற்குக் காரணம் கூறுக" என்று முடியும். கடிதத்தைப் பார்த்ததும் தொழிலாளிக்கு உடல் நடுங்குகின்றது. வேலை போனால் வீட்டுக்கடன், மோட்டார் சைக்கிள் தவணை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் கண்முன் வருகின்றன. "எப்படியாவது மன்னிப்புக் கேட்டு எழுதிவிடுங்கள் ஐயா, துரை மனம் இரங்குவார்" என்கின்றார். ஆசிரியரும் பணிவாக எழுதுவது நல்லது என்று கருதி, "தாங்கள் குறிப்பிட்ட தவற்றுக்கு மிகவும் வருந்துகிறேன், இனி இவ்வாறு நேராது, இம்முறை மன்னித்தருள்க" என எழுதிக் கொடுத்துவிடுகின்றார். தமிழ்ப் பண்பாட்டில் அது பணிவுரை. கோப்பில் சேர்ந்துவிட்டாலோ அது குற்ற ஒப்புதல்! "இனி இவ்வாறு நேராது" என்னும் சொற்களே இம்முறை நேர்ந்தது என்பதற்குச் சான்றாகிவிடுகின்றன. அப்பால் நடக்கும் விசாரணையில் அவர் எத்துணைதான் மறுத்தாலும், "நீரே எழுதிக் கொடுத்தீரே" என்னும் ஒரு கேள்விக்கு விடையிறுக்க இயலாமல் நிற்பார்.

விளக்கம் வேறு, மன்னிப்பு வேறு. குற்றச்சாட்டு வேறு, குற்றம் வேறு. பள்ளியில் பொருள்வேறுபாடு கற்பிக்கும்போது அறம், மறம் என்று பயிற்சி கொடுப்பதுபோல் இவ்விரண்டு இணைகளையும் உயர்வகுப்பு மாணவர்க்குக் கொடுத்தால் தகும். ஓர் எடுத்துக்காட்டு. உணவுக்கடைப் பணப்பெட்டியில் 150 வெள்ளி குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். முதலாளி எழுதத்தக்கது இவ்வளவே: "இம்மாதம் 2-ஆம் நாள் இரவு 9 மணியளவில் பணப்பெட்டியிலிருந்து 150 வெள்ளியை நீர் எடுத்ததாகப் புகார் வந்துள்ளது. இதுபற்றிய உமது விளக்கத்தை 9-ஆம் நாளுக்குள் எழுத்தில் தருக." நாள், நேரம், இடம், தொகை எல்லாம் இதில் உள்ளன. "நீர் திருடிவிட்டீர், இனி என்ன சொல்கிறீர்?" என்று எழுதினால் விசாரணைக்கு முன்பே தீர்ப்பைக் கூறியதாகும். "உமது நடத்தை சரியில்லை" என்று மொட்டையாக எழுதினால் எதற்கு விளக்கம் தருவது என்றே தெரியாது. மறுமொழியும் அவ்வாறே அமைதல் வேண்டும்: "அன்றிரவு 9 மணிக்கு நான் சமையற்கட்டில் இருந்தேன். என்னுடன் இன்னார் இருந்தார். பணப்பெட்டிச் சாவி என்னிடம் இல்லை. புகாரை மறுக்கின்றேன்." இதில் பணிவுக்குக் குறைவில்லை; வேண்டாத வருத்தமும் இல்லை. உண்மையிலேயே தவறு செய்தவர் ஒப்புக்கொண்டு வருந்தி எழுதுவது வேறு செய்தி. அது அவர் அறிந்து எடுக்கும் முடிவாய் இருக்கவேண்டுமேயன்றி, எழுதுவோரின் கைப்பழக்கத்தால் நேர்ந்துவிடலாகாது.

ஒப்புக்கொண்ட குற்றத்துக்கும் தண்டனை அளவு என்று ஒன்று உண்டு. பதினைந்து ஆண்டு ஒழுங்காய் உழைத்தவர் ஒருநாள் தாமதமாய் வந்ததற்கு வேலைநீக்கம் என்றால் தொழில் நீதிமன்றம் அதை ஏற்பது அரிது. குற்றத்தின் தன்மை, சேவைக்காலம், முன்னைய எச்சரிக்கைகள் ஆகியவற்றை அது கணக்கில் எடுத்துக்கொள்ளும். திருக்குறளில் வெருவந்த செய்யாமை அதிகாரத்தின் முதற்குறள், ஆராய்ந்து, மீண்டும் நிகழாவண்ணம், குற்றத்துக்கு ஒத்த அளவில் ஒறுத்தலே அரசு என்னும் கருத்தினது. ஆராய்தலும் அளவும் அங்கே ஒரே மூச்சில் கூறப்பட்டிருத்தல் காண்க.

இனி, விசாரணையே நடத்தாமல் நீக்கிவிட்டால் என்ன ஆகும் என்பது முதலாளிகள் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி. உண்மையைச் சொல்லிவிடுவதே முறை. விசாரணை நடத்தாமையோ அதில் உள்ள குறையோ மட்டும் காரணமாக வேலைநீக்கம் தானே செல்லாததாகிவிடாது. தொழில் நீதிமன்றத்தில் முதலாளி சான்றுகளைப் புதிதாக முன்வைத்து மெய்ப்பிக்கலாம் என்று 1988-இல் அந்நாளைய உச்ச நீதிமன்றம் கூறியது. 1995-இல் கூட்டரசு நீதிமன்றமும் அவ்வாறே கூறியது. இதைக் கேள்வியுற்ற சிலர், "பிறகெதற்கு இந்த விசாரணை?" என்று கேட்கின்றனர். கேள்வியில் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் 1981-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் ராஜா அஸ்லான் ஷா வழங்கிய தீர்ப்பையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும். (இவரே பின்னர் 1989-இல் மாமன்னரானவர்.) ஒருவரை நீக்குவதற்கு முதலாளி ஒரு காரணம் கூறினால், நீதிமன்றம் ஆராய வேண்டியது அக்காரணம் மெய்ப்பிக்கப்பட்டதா என்பதையே, கூறாத வேறொரு காரணத்தை நீதிமன்றம் தேடிப் போகலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். கேட்டறியாமல், கோபத்தில், கைக்கு வந்த காரணத்தை எழுதி நீக்கியவர், ஓர் ஆண்டோ இரண்டாண்டோ கழித்து அதே காரணத்தைப் பிடித்துக்கொண்டு சாட்சிகளைத் தேடவேண்டும். அதற்குள் சாட்சி ஊர் மாறியிருப்பார். காசு எண்ணிய சீட்டு காணாமற் போயிருக்கும். வழக்குத் தோற்றால் அத்தொழிலாளியை மீண்டும் அமர்த்த வேண்டி வரலாம். அல்லது இழப்பீட்டோடு, 24 மாதம் வரை பின்சம்பளமும் கொடுக்க நேரிடலாம். நான்கு நாள் விசாரணையைச் சேமித்தவர் தலையில் ஏறும் சுமை இது.

கண்ணாடி உடைந்த கதைக்கு வருவோம். சம்பளத்தில் எவ்வெவற்றைப் பிடிக்கலாம் என்பதைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு வரிசைப்படுத்திக் கூறுகின்றது. தவறுதலாக மிகையாய்க் கொடுத்த சம்பளம், வட்டியில்லாமல் கொடுத்த முன்பணம், முன்னறிவிப்பின்றி விலகியவர் தரவேண்டிய தொகை, சட்டம் ஏற்றுக்கொண்ட சேமநிதி முதலியன, தொழிலாளி எழுத்தில் கேட்டுக்கொண்ட சங்கச் சந்தா போன்றவை என அவ்வரிசை செல்லும். அதில் உடைந்த கண்ணாடிக்கும் கருகிய தோசைக்கும் இடமில்லை. பிடிக்கத்தக்கவற்றையும் பொதுவாக ஒரு மாதத்துச் சம்பளத்தில் பாதிக்கு மேல் பிடிக்கலாகாது. வேண்டுமென்றே உடைத்தார் என்பது புகாரானால் அது ஒழுங்கீனம், முன்கூறிய விசாரணைக்குரியது. கைதவறி உடைந்தது என்றால் அது தொழிலின் செலவு.

முன்பணத்துக்கு வட்டி வாங்கலாகாது என்று இச்சட்டம் வற்புறுத்துவதற்கும், சம்பளத்தை இன்ன இடத்தில்தான் செலவிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதலாகாது என்று விலக்குவதற்கும் பின்னால் இந்நாட்டுத் தோட்டங்களின் நெடுங்கதை உண்டு. மதுக்கடையிலோ சில்லறைக் கடையிலோ வைத்துச் சம்பளம் கொடுத்தலாகாது, அங்கேயே வேலை செய்வோர்க்கு மட்டும் கொடுக்கலாம் என்றுகூட ஒரு பிரிவு இன்றும் உள்ளது. இளைஞர் இதைப் படித்து வியப்பர். சம்பள நாளன்று கள்ளுக்கடையிலும் கடைக்கணக்கிலும் பாதிச் சம்பளம் கரைந்துபோன குடும்பங்களின் முதியோர் வியப்புறார்.

மருத்துவர் சீட்டு பற்றிய ஐயத்துக்கு விடை சுருக்கமானது. நோய் விடுப்பு ஆண்டுக்கு 14, 18, 22 நாள் எனச் சேவைக்காலத்தின்படி உயரும். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அதற்கு வேறாக 60 நாள். முதலாளி தமக்கென மருத்துவரை ஏற்படுத்தியிருந்தால் அவரிடம் செல்லவேண்டும்; அப்படி ஏற்படுத்தவில்லை என்றால், பதிவுபெற்ற வேறு மருத்துவர் தரும் சீட்டைத் தள்ள முடியாது. ஆனால் தொழிலாளர் பலர் அறியாத ஒரு விதி உண்டு: நோய் விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவித்திருத்தல் வேண்டும், அல்லது தெரிவிக்க முயன்றிருத்தல் வேண்டும். நல்ல சீட்டையே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான்காம் நாள் வந்து நிற்பவர், விடுப்பின்றி இருந்தவராகக் கருதப்படுவார். சீட்டுப் பொய் என்று முதலாளிக்குத் தோன்றினால், தோற்றத்தைக் கொண்டு முடிவுகட்டாமல் சீட்டில் உள்ள மருந்தகத்தையே கேட்டறியலாம்.

பிள்ளைப்பேறு நெருங்கும் பெண்ணின் செய்தியில் முதலாளிகளின் மனக்கணக்கு பெரும்பாலும் தவறாகவே இருக்கின்றது. 2023 முதல் பேறுகால விடுப்பு 98 நாள். முன்பு 60 நாளாக இருந்தது. மணமான தந்தைக்கும் 7 நாள் விடுப்பு அவ்வாண்டு முதல் கிடைத்தது. அதற்கு அவர் அவ்விடத்தில் ஓராண்டு வேலை செய்திருத்தலும் முன்கூட்டித் தெரிவித்தலும் வேண்டும். கருவுற்றிருக்கும் பெண்ணையோ, கருவுற்றதால் நோயுற்றிருக்கும் பெண்ணையோ வேலையிலிருந்து நீக்குவதும் நீக்குவதாக அறிவிப்புக் கொடுப்பதும் குற்றம். ஒப்பந்த மீறல், ஒழுங்கீனம், தொழிலையே மூடுதல் என்னும் மூன்று காரணங்களுக்காக மட்டும் விலக்கு உண்டு. நீக்கியது கருவுற்றமைக்காக அன்று என்று மெய்ப்பிக்கும் சுமை முதலாளியின் தோளில் இருக்கின்றது. "அவளே நின்றுகொள்கிறேன் என்றாள்" என்று வாய்ச்சொல்லாகக் கூறினால் அச்சுமை இறங்காது.

இவ்வாய்ச்சொல்லோடு சேர்த்து எண்ணத்தக்கது மற்றொரு வழக்கம். நீக்கினால் தொல்லை என்று அஞ்சும் முதலாளி, "நீயே விலகுவதாக எழுதிக் கொடுத்துவிடு, உன் பெயர் கெடாது, வேறிடத்தில் வேலை கிடைக்கும்" என்று நயமாகக் கூறுவார். தொழிலாளி நேரே ஆசிரியர் வீட்டுக்கு வந்து விலகல் கடிதம் எழுதித்தரக் கேட்பார். இரண்டு வரிக் கடிதம்தான். எழுதுவதற்கு ஐந்து நிமிடம் ஆகாது. ஆனால் எழுதுமுன் ஆசிரியர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "விலகுவது உங்கள் விருப்பமா, அவர்கள் சொல்லியதா?" வற்புறுத்தி வாங்கிய விலகலைத் தொழில் நீதிமன்றம் வேலைநீக்கமாகவே கொள்ளும் என்பது உண்மைதான். எனினும் வற்புறுத்தினார்கள் என்பதை நிலைநாட்ட வேண்டியவர் தொழிலாளியே. "சொந்தக் காரணங்களால் மனமுவந்து விலகுகின்றேன், இதுவரை ஆதரித்தமைக்கு நன்றி" என்று ஆசிரியர் அழகு தமிழில் எழுதி, கீழே மலாயும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், அதை மீறி நிலைநாட்டுவது எளிதன்று. உள்ளபடியே விரும்பி விலகுவோர்க்கு முன்னறிவிப்புக் காலம், ஒப்பந்தத்தில் வேறு கூறப்படாவிடில், இரண்டு ஆண்டுக்குட்பட்ட சேவைக்கு 4 வாரம், ஐந்து ஆண்டுக்குள் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். முதலாளி நிறுத்துவதற்கும் அதே காலந்தான். ஒருவருக்கு நீளம், மற்றவருக்குக் குறுக்கம் என்று எழுதிக்கொள்ள இயலாது.

நீக்கப்பட்டவர் தக்க காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதினால், 1967-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம் 20-ஆம் பிரிவின்படி, மீண்டும் வேலையில் அமர்த்துமாறு தொழில் உறவு இலாகாவுக்கு எழுத்தில் முறையிடலாம். அங்கே முதலில் இருதரப்பையும் அழைத்து உடன்பாடு காண முயல்வர். இயலாவிடில் முறையீடு தொழில் நீதிமன்றத்துக்குச் செல்லும். 2021 முதல் இடையில் அமைச்சரின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞரும் தொடக்கத்தில் வேண்டியதில்லை. நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் அது அங்கே சேர்ந்துவிட வேண்டும் என்பதே கட்டாயம்.

அறுபது நாள் என்பது நிறையத் தோன்றும். தொழிலாளி முதல் இரண்டு வாரம் மேனேஜரின் மனம் மாறும் என்று காத்திருப்பார். பிறகு பெரிய மனிதர் ஒருவர் பேசிப் பார்ப்பதாகச் சொல்வார். அதில் ஒரு மாதம் போகும். பின்பு ஆசிரியரிடம் வந்து மேனேஜருக்கு ஒரு கருணை மனு எழுதித்தரச் சொல்வார். மனுவுக்குப் பதில் வாராது, அல்லது "ஆலோசிக்கிறோம்" என்று ஒரு வரி வரும். மனு கொடுத்ததால் அறுபது நாள் நின்று காத்துக்கொண்டிராது. அது நீக்கக் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கின்றது. ஆதலின் நீக்கக் கடிதத்தோடு எவரேனும் வாசலில் வந்து நின்றால், கடிதத்தைப் படித்துச் சொல்வதற்கு முன்பே அதிலுள்ள நீக்க நாளைத் தேடிப்பிடித்து, சுவரிலுள்ள நாட்காட்டியில் அறுபதாம் நாளை வட்டமிட்டுக் காட்டிவிடலாம்.